பித்தளை புஷ் போட்ட வண்டி

அருள், நீ குவைத்துக்குப் போய்ச் சேர்ந்து, போனில் முகத்தைக் காட்டி, "சாப்பிட்டேம்மா, ரூம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டாய். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். போனில் பேசும்போது எனக்கு ஒன்றும் வாயில் வருவதில்லை. உன் முகம் எந்த நேரத்தில் அணைந்துபோகுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். மூன்று நாலு தாள் வரும் போலிருக்கிறது. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், லீவு நாளில் படி.

வண்டி சரியாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்தும் வந்தாய். எப்படிச் சரியானது என்று மட்டும் நீ கேட்கவே இல்லை. உனக்கு அப்போது வேறு ஆயிரம் யோசனை. நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பெருமைதான்.

உன் அக்கா அமலா போன மழைக்கு முந்தின மழையில் எலிக்காய்ச்சலில் போனாள். அதை எழுதும்போது இப்போதும் பேனா நின்றுவிடுகிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். உன் அப்பா போனபோது நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிற வேலை இருந்தது, அழுகை அந்த வேலைக்குள்ளேயே கரைந்துபோனது. அமலா போனபோது எனக்கு அப்படி ஒரு வேலை இல்லை. நீ பொள்ளாச்சி பக்கத்துச் சித்தூரில் உன் பெண்டாட்டியோடு இருந்தாய். நான் ஏலக்காய் ஸ்டோருக்குப் போவேன், காய் உலர்த்த அடுப்பு எரிப்பேன், வருவேன். எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே பலாமரத்தடியில் அவள் கார் நிற்கும். நம் லயத்துப் பெண்களுக்கு அவள் கார்தான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ், கல்யாண வண்டியும் அதுதான். அவள் போன பிறகு அதன் மேல் இலை விழும், காய்ந்துபோகும், பழையபடி விழும். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடப்பேன்.

ஒரு நாள் பேச்சியம்மாளுக்கு மூச்சு முட்டியது. பேச்சியை உனக்குத் தெரியும், பக்கத்து வீடு, என்னோடு ஸ்டோரில் வேலை, வாய் மூடாதவள். அன்றைக்கு அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. ஜீப்புக்குச் சொல்லியனுப்பி, அது வந்து சேருவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்த அந்த நேரம் முழுக்க என் கண் முன்னால் ஒரு கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. மறுவாரம் நான் நெடுங்கண்டத்தில் டிரைவிங் கிளாஸில் சேர்ந்தேன்.

உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். சொல்லிக்கொடுத்தவரும் சிரித்தார். "சேச்சி, கிளச்சு, கிளச்சு" என்று அவர் கத்தாத நாள் இல்லை. டெஸ்டில் கம்பி நட்டு வைத்திருப்பார்கள், அதற்குள் எச் எழுத்து மாதிரி வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டவேண்டும், கம்பியில் தட்டினால் போச்சு. எனக்குப் பழக இடமில்லை, கம்பியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் களத்தில் லயத்துப் பெண்களே கம்பிக்குப் பதிலாக வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு விறகுக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"யக்கா, என் மேல ஏத்திப்புடாத. எனக்கு இன்னும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு."

"ஏத்துனா ஏத்தட்டும்டி. எஸ்டேட்டுல கம்பி செத்ததுக்கு லீவு தருவாகளான்னு பாப்போம்."

பேச்சிதான் பின்பக்க மூலைக் கம்பி. "வா, வா, இன்னும் வா, வந்துட்ட, போதும், ஏய் போதுங்கிறேன்" என்று பம்பரை முழங்காலால் தள்ளிக்கொண்டு நிற்பாள். முதல் நாள் வண்டிக்குள் உட்கார்ந்தபோது என் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. அமலா நெட்டையானவள் அல்லவா. சீட்டை முன்னால் இழுக்க மனசு வராமல் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பார்த்தேன். தலையணை நழுவி, வண்டி பேச்சியை நோக்கிப் போனது. அதற்குப் பிறகு சீட்டை இழுத்தேன். உயிரோடிருப்பவள் கால் மேல் ஏற்றிவிட்டு இல்லாதவளுக்கு இடம் வைத்து என்ன செய்ய. டெஸ்டில் ஒரே தடவையில் எச் போட்டேன். இறங்கி வந்தபோது என்னை யாரும் கேட்காமலேயே, "பேச்சி இல்லாத இடத்தில போட்டதால கொஞ்சம் பயம்" என்று அந்த ஆபீசரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. லைசன்ஸ் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, கோயில் முடிந்து, பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன். நம் லயத்துக்கு ஏறுகிற அந்த மேட்டில் கியர் மாற்றினேன். கை வெறுமையாகப் போனது. குழம்புச் சட்டியில் அகப்பை சுற்றுகிற மாதிரி கியர்க் கம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுகிறது, வண்டிக்கு ஒன்றும் ஏறவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளி ஓரமாக்கினார்கள். நெடுங்கண்டம் மெக்கானிக்குக்குப் போன் போட்டால், அவர் ஏதோ கூட்டச் சத்தத்துக்கு நடுவிலிருந்து, "கியர்பாக்ஸாயிருக்கும் சேச்சி, கட்டி இழுத்துட்டு வாங்க" என்றார். உனக்குப் போன் போட்டேன்.

நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அம்மா, வித்துருவோம். வாங்கறதுக்கு ஆள் இருக்கு. அடுத்த மாசம் நான் பிளேன் ஏறிருவேன். நீ பாட்டுக்கு இத எடுத்துக்கிட்டு மலையில எங்கயாவது நின்னா நான் அங்கருந்து என்ன பண்ணுவேன்? நீ சித்தூர் வந்து அவகூட இரு."

நீ சொன்னதில் தப்பே இல்லை. பயந்துதான் சொன்னாய், பிரியத்தில்தான் சொன்னாய். ஒரு அக்காவைப் பறிகொடுத்தவன் அம்மாவைப் பற்றிப் பயப்படாமல் இருப்பானா. ஆனால் அருள், வண்டி போனால் நான் சித்தூருக்கு வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துபோனது. வந்தால், உன் வீட்டில் ஒரு மூலையில் மகளைப் பறிகொடுத்தவளாக உட்கார்ந்திருப்பேன். மருமகள் தங்கமானவள், சோறு போடுவாள், டிவி போடுவாள். இங்கே மலையில் நான் அடுப்பு எரிக்கிறவள், வண்டி ஓட்டுகிறவள். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் நீதான் சிரித்துக்கொண்டு ஒரு வழி சொன்னாய். "சரி, ஒண்ணு பண்ணு. ஆள ஏத்திக்கிட்டு போடிமெட்டு எறங்கி, போடியில டீ குடிச்சிட்டு, திரும்ப ஏறி வந்திரு. ஏறிட்டா நான் வாயே தொறக்கல. ஏறலன்னா அந்த ஆளு வந்து எடுத்துக்குவாரு." சரி என்றேன். ஏறாது என்று நினைத்துத்தான் நீ சொன்னாய், அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். ஏலக்காய் காய்கிற அறையில் மேலே ஆவி போக ஒரு பலகை உண்டு, நீ சின்னதில் பார்த்திருப்பாய். கீழே நின்று கம்பியை இழுத்தால் மேலே பலகை திறக்கும். ஆவி போகாவிட்டால் காய் பச்சை மாறிப் பழுப்பாகிவிடும், கங்காணி வாயால் வறுத்தெடுப்பார். சில நாள் கம்பியை இழுத்தால் கைக்கு ஒரு கனமும் தெரியாது, சும்மா வரும். அதற்காக யாரும் பலகை போச்சு, ஸ்டோர் போச்சு என்று சொல்வதில்லை. கம்பி முனையில் இருக்கிற வளையம் கழன்றிருக்கும், ஏணி வைத்து ஏறி மாட்டுவோம். அன்றைக்குக் கம்பியை இழுக்கும்போது, இதே வெறுமைதானே அந்த மேட்டில் என் கைக்குத் தெரிந்தது என்று பட்டது.

வேலை முடிந்து பேச்சியைக் கார் உள்ளே உட்காரவைத்தேன். பானெட்டைத் திறந்து நான் குனிந்துகொண்டேன். "கம்ப ஆட்டுடி" என்றேன். ஆட்டினாள். உள்ளே ஒரு கேபிள் போய்ப் போய் வருகிறது. அதன் முனை கியர்பாக்ஸ் மேல் இருக்கிற ஒரு இரும்புக் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கேபிள் மட்டும் தனியாக ஆடுகிறது, அந்தக் கை அப்படியே நிற்கிறது. முனையில் வளையம் மாதிரி இருந்த பிளாஸ்டிக் புஷ் பொடிந்து, அப்பளத் தூள் மாதிரி கீழே கிடக்கிறது. நான் விரலை விட்டு அந்த இரும்புக் கையைத் தள்ளிப் பார்த்தேன். டக் என்று விழுந்தது.

"என்னக்கா சத்தம்?"

"கியர் விழுந்துச்சுடி. பாக்ஸு நல்லாத்தேன் இருக்கு."

"அப்ப எது செத்துச்சு?"

"இந்தா, இந்தத் தூளு."

அவள் இறங்கி வந்து அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இம்புட்டுக்காண்டியா அந்த மெக்கானிக்கு காரையே கட்டி இழுக்கச் சொன்னாரு" என்றாள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா. அங்கே உனக்கும் சில நாள் கை வெறுமையாகப் போகும். வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றும். அன்றைக்கு யாருக்கும் போன் போட்டு விற்றுவிடலாமா என்று கேட்காதே. மூடியைத் திறந்து குனிந்து பார். யாரையாவது உள்ளே உட்காரவைத்து ஆட்டச் சொல்லிப் பார். தனியாகப் பார்த்தால் தெரியாது, ஆட்டுகிற ஆள் ஒருவர் வேண்டும்.

நான் உடனே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைக்காதே. ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற ரப்பர் ஓஸில் ஒரு துண்டு வெட்டி, அந்த இடத்தில் திணித்து, கம்பி சுற்றி மாட்டினேன். நம் ஊரில் எது உடைந்தாலும் அந்த ஓஸ்தானே. குழாய் ஒழுகினாலும் அதுதான், சைக்கிள் பிரேக்குக்கும் அதுதான். கியர் ஜோராக விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு நெடுங்கண்டம் போனேன். திரும்பி வரும்போது இஞ்சின் சூட்டில் ஓஸ் வெந்து குழைந்து, கத்திரிக்காய்த் தோல் மாதிரி உரிந்துபோனது. வண்டி இரண்டாம் கியரில் மாட்டிக்கொண்டது. நிறுத்தினால் எடுப்பது கஷ்டம், அதனால் நிறுத்தாமலே இரண்டாம் கியரில் வீடு வரைக்கும் வந்தோம். ஆட்டோ தாண்டிப் போனது, சைக்கிள் தாண்டிப் போனது.

"யக்கா, மாடு ஒண்ணு வருது, அதுக்கும் வழி விட்ரு" என்றாள் பேச்சி.

பின்சீட்டில் மாதா பாட்டும் மாரியம்மன் பாட்டும் மாறி மாறிப் பாடிக்கொண்டு வந்தார்கள். அமலா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கொஞ்சம் அழுதேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

பழையபடி பிளாஸ்டிக் புஷ் வாங்கி மாட்டலாம். ஆனால் பொடிந்ததையே திரும்ப வாங்கி மாட்டுவானேன், அடுத்த மேட்டில் அதுவும் பொடியும். இரும்பில் போடலாமா என்று நினைத்தேன், மழைக்குத் துருப்பிடிக்கும். பித்தளை என்று முடிவு செய்தேன். அளவு எடுக்கவேண்டுமே. எனக்கு ஸ்கேல் வைத்து அளக்கத் தெரியும், ஆனால் அந்தச் சந்துக்குள் ஸ்கேல் போகாது. கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தியை இளக்கி உருட்டி, அந்த இரும்புக் கையில் முளை மாதிரி நிற்கிற பின் மேல் அழுத்தி எடுத்தேன். பின் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. கேபிள் முனையின் ஓட்டைக்கு ஒரு கொய்யாக் குச்சியைச் சீவிச் சீவி, இறுக்கமாக நுழைகிற அளவுக்கு வைத்துக்கொண்டேன். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, வேலையாட்கள் இறங்குகிற ஜீப்பில் போடிக்குப் போனேன்.

லேத்துப் பட்டறைக்காரர் மெழுகையும் குச்சியையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, வேண்டுதலா?"

"இல்லண்ணே, கார் கியருக்கு புஷ்ஷு. இந்தக் குழி உள் அளவு, இந்தக் குச்சி வெளி அளவு. பித்தளையில வேணும்."

"மெழுகுல அளவு கொண்டாந்தது நீங்கதேன் முதல். இம்புட்டுக்காண்டு சாமானுக்கு லேத்த ஓட்டுனா என்னைய ஊரே சிரிக்கும்மா."

"என்னைய ஒரு மாசமாச் சிரிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணும் ஆகல."

அவரும் சிரித்துவிட்டார். கடைந்து கொடுத்தார். மோதிரம் மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து மாட்டினால் பின்னில் ஏறவில்லை, இறுக்கம். மெழுகு ஆறும்போது சுருங்கிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, குழியும் அதோடு சுருங்கியிருக்கிறது. இன்னொரு தடவை போடிக்குப் போக எனக்கு வீம்பு. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, வாசலில் உட்கார்ந்து உள்பக்கத்தைத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, போய் மாட்டிப் பார்ப்பது, திரும்ப வந்து தேய்ப்பது. வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு நகை செய்கிறாய் என்று கேட்டார்கள். பின்னில் வழுக்கிக்கொண்டு இறங்கியபோது விரல் நுனிக்கே தெரிந்தது. கிரீஸ் தடவி, மேலே வாஷர் வைத்து, கழலாமல் கிளிப் போட்டேன். பேச்சி உள்ளே உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டாள். போட்ட இடத்தில் நின்றது. பிளாஸ்டிக் இருந்தபோது இல்லாத ஒரு சின்ன அதிர்வு இப்போது கம்பு வழியாகக் கைக்கு வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கையில் ஒரு நாடி பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

நீ சொன்னபடி ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், பெண் ஓட்டுகிறாள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். பேச்சி கண்ணாடியை இறக்கி, "என்ன பாக்குற, நேராப் பாத்து ஓட்டு" என்று அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். பிரேக்கை அழுத்தாமல் இரண்டாம் கியரிலேயே இறக்கினேன். கீழே டீக்கடையில் எல்லோரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினோம். நீ கட்டைவிரல் மட்டும் போட்டாய். ஏறி வரட்டும் பார்க்கலாம் என்று நினைத்திருப்பாய்.

ஏறினோம் அருள். முழு வண்டி ஆளோடு ஏறினோம். ஒரு வளைவில் பஸ் எதிரே வந்துவிட்டது, ஏற்றத்தில் நிறுத்தினேன். முதல் கியர் போட்டேன். விழுந்தது. வண்டி ஒரு அடிகூடப் பின்னால் நகராமல் எடுத்தது. மேலே செக்போஸ்டைத் தாண்டியதும் பின்சீட்டில் குலவை போட்டார்கள், அங்கே நின்ற போலீஸ்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

நீ முன்னாலேயே சொல்லிவைத்திருந்த, வாங்குகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாவம், நல்ல மனுஷன், தூரத்திலிருந்து வந்திருந்தார். "கியர்பாக்ஸ் போன வண்டின்னு சொன்னாங்களே" என்றார். "உக்காருங்க, ஒரு சுத்துப் போய்ட்டு வருவோம்" என்று அவரை ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். இறங்கும்போது, "இது விக்கிற வண்டி இல்லையேம்மா" என்றார். "ஆமாங்க" என்றேன்.

அப்புறம் நான் சித்தூருக்கு வந்தது உனக்குத் தெரியும். வாசலில் வண்டியைப் பார்த்ததும் நீ சொன்னபடி வாயே திறக்கவில்லை. மருமகளைப் பொள்ளாச்சியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஏர்போர்ட் போவது என்று புறப்பட்டோம். அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, மெதுவாவே போங்க, நேரமிருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நேரம் போகக் கூடாது என்று அவளுக்கு. கோபாலபுரம் தாண்டும்வரை உன் கை சீட்டுக்கு மேலிருக்கிற பிடியைப் பிடித்திருந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் கியர் மாற்றும்போதெல்லாம் உன் காலும் கீழே பிரேக்கைத் தேடியது. பொள்ளாச்சியில் அவள் இறங்கி, நீங்கள் இரண்டு பேரும் கேட்டோரம் நின்று பேசினீர்கள். நான் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்மா" என்றாய்.

அங்கிருந்து நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். கொஞ்ச தூரம் போனதும் உன் கை அந்தப் பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்தது. சித்தூரில் நாலைந்து நாளாக நீ தூங்கவில்லை என்று மருமகள் சொல்லியிருந்தாள். நான் ரேடியோவை அணைத்தேன். பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு போகிற ரோடு, நான் அதுவரை ஓட்டாத ரோடு. குழியைக் கண்டால் முன்னாலேயே கியரைக் குறைத்து, குலுங்காமல் இறக்கினேன். ஒரு கியரும் உன்னை எழுப்பவில்லை. அம்மா ஓட்டினால் என்ன ஆகுமோ என்று வண்டியையே விற்கப் பார்த்த என் மகன், அம்மா ஓட்டுகிற வண்டியில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். ஏர்போர்ட் வாசலில் நிறுத்திவிட்டு, இன்னும் நேரம் இருந்ததால், உன்னை எழுப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா